இன்ஸ்புரூக்கிலிருந்து அப்பாவுக்கு

இன்ஸ்புரூக், ஆஸ்திரியா
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க நம் மலைச் சாமி சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன். போனில் தினமும்தான் பேசுகிறோம். ஆனால் அம்மா "சாப்பிட்டியா, சளி விட்டுச்சா" என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. "அங்க மலைக்கு ரோடு இருக்கா?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்கு அவசரமில்லாமல் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்று ஞாயிறு. கடைகளெல்லாம் அடைப்பு. பாதி ஊர் மலைமேல் இருக்கும்.

கன்னங்குறிச்சியில் நம் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே ஏற்காட்டு மலை தெரியுமே, அதே மாதிரி இந்த ஊருக்கும் வடக்கே ஒரு மலை. நோர்ட்கெட்டே என்று பெயர். நம் மலை உச்சிவரை பச்சை. இது பாதிக்கு மேல் மொட்டைச் சுண்ணாம்புப் பாறை. ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் மரமே கிடையாது. கடைத்தெருவில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் அந்தப் பாறைதான் தெரியும். வந்த புதிதில் அது என் தலைமேல் விழப்போவதுபோல் இருக்கும். இப்போது அதைப் பார்க்காவிட்டால் திசையே பிடிபடுவதில்லை.

ரோடு கேட்டீர்கள். உச்சிக்கு ரோடு இல்லை அப்பா, கயிற்றில் ஓடும் வண்டி இருக்கிறது. ஊர் நடுவிலேயே ஒரு ரயில் ஏற வேண்டும். கொஞ்சம் சுரங்கத்தில் ஓடி, இன் என்ற ஆற்றைப் பாலத்தில் தாண்டி, அப்புறம் செங்குத்தாக ஏறும். சரிவு மாற மாற அதன் பெட்டிகள் தாமாகவே சாய்ந்து சமன் செய்துகொள்ளும்; நிற்பவர் தடுமாற மாட்டார். நீங்கள் ஒருதரம் இதைப் பார்க்க வேண்டும். ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ஸாஹா ஹதீத் என்ற பெண், 2007இல் திறந்தார்கள். ரயில் ஹுங்கர்பூர்க்கில் விடும். அங்கிருந்து ரோப் கார் மாறினால் சேகுரூபே, 1,905 மீட்டர். இன்னொன்று மாறினால் ஹாஃபெலேகார், 2,269 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,623 மீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து அடித்து நீங்கள் பஸ்ஸை ஏற்றிய உயரத்தைவிட அதிகம் இது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு அந்த வண்டியைவிட நடைதான் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஹுங்கர்பூர்க்கில் இறங்கியதுமே காட்டு ஓரத்தில் மஞ்சள் பலகைகள் நிற்கும். எந்த வழி எங்கே போகும், நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதியிருக்கும். கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். வழி நெடுக மரத்திலும் பாறையிலும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை பெயிண்ட். அதைப் பார்த்துக்கொண்டே போனால் மொழி தெரியாதவளும் வழி தவற மாட்டாள். எனக்குத் தைரியம் கொடுத்ததே அந்தப் பெயிண்ட்தான். ஏற்காட்டில் மலைக்காரர்கள் பலாப்பழமும் மூட்டையும் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் எத்தனை இருக்கின்றன! பஸ் ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி. அவற்றில் இப்படி நாலு பட்டை பெயிண்ட் அடித்து வைத்தால் சேலத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தேட வேண்டியதில்லை.

பைன் காட்டுக்குள் ஏற ஏற மூச்சு வாங்கும். திடீரென்று காடு முடிந்து புல்வெளி வரும். ஹோட்டிங்கர் ஆல்ம், 1,487 மீட்டர். நம் ஏற்காடு ஏரியைவிடக் கொஞ்சம் உயரம். ஆல்ம் என்றால் கோடையில் மாடுகளை மேய்க்கக் கொண்டுபோய் விடும் இடம். ஜூன் வாக்கில் ஏற்றி, செப்டம்பரில் இறக்குவார்கள். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் செம்பு அளவுக்கு மணி. அது தலையைத் தூக்கி மெல்லும்போது ஒரு சத்தம், குனிந்து மேயும்போது வேறு சத்தம். அந்தக் கோடையில் மலைமேல் மாடு எதுவும் சாகாமல் இருந்தால், இறக்கும் நாளில் கொம்புக்கும் நெற்றிக்கும் பூக்கட்டி ஊர்வலமாகக் கூட்டி வருவார்கள். அப்படி ஒரு ஊர்வலத்தை பக்கத்துக் கிராமத்தில் பார்த்தேன். மாட்டுப் பொங்கலன்று அம்மா லட்சுமிக்கு மஞ்சள் பூசுவது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். ஒன்று மட்டும், இங்கே மாட்டை நெற்றி தடவப் போகக் கூடாது. கன்றோடு நிற்கும் பசு முட்டி ஆள் செத்திருக்கிறது. ஒதுங்கித்தான் போக வேண்டும், வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும்.

பயப்படாதீர்கள், தனியாகப் போவதில்லை. வார்டில் கூட வேலை பார்க்கும் சேச்சி ஒருவர் வருகிறார். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும் என்பதால் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவோம். மலையில் ஆபத்து என்றால் அழைக்க 140 என்று தனி எண்ணே இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் உயிர். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், மறுநாள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி "எப்போது மலைக்குப் போகலாம்?" என்பதுதான். நான் இந்தியாவில் மலையடிவாரத்துப் பெண் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஆல்மில் மோர் நன்றாக இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஊரைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள்: பழைய தெருவில் தங்கக் கூரை ஒன்று இருக்கிறது. மாக்ஸிமிலியன் ராஜா தெருவில் நடக்கும் விளையாட்டுகளைப் பார்க்க உட்காரும் மாடம், 1500இல் முடித்தது. 2,657 செம்பு ஓடுகளுக்குத் தங்க முலாம். செவ்வாய்ப்பேட்டை மாமா பார்த்தால் கொலுசுப் பட்டறையை மறந்துவிட்டு அண்ணாந்தபடியே நிற்பார். குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், காய்ச்சாமல் குடிக்கலாம். அரிசி, பருப்பு கிடைக்கிறது. தட்டுவடை செட் கிடைக்காது, அதை நினைக்காமல் இருப்பதே நல்லது.

சில நாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடிக்கும், ஃபோன் (Föhn) என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் இந்தப் பக்கம் இறங்குகிற காற்று. இறங்க இறங்கச் சூடாகிவிடும். அன்றைக்குப் பலருக்குத் தலைவலி. எனக்கு மட்டும் அது நம் ஊர் மாசி மாதக் காற்று.

அப்பா, இத்தனை வருஷம் மலையில் பஸ் ஓட்டினீர்கள், நடந்ததில்லை. ஜூனில் இங்கே பனி உருகிப் பாதை திறக்கும். நீங்களும் அம்மாவும் வர வேண்டும், டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை தம்பியைக் கூட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் மேலே பஸ்ஸில் போய், ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்து பழகுங்கள். முட்டி வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். இங்கே செருப்போடு மலை ஏற முடியாது. நல்ல ஷூ நானே வாங்கி வைக்கிறேன். பேப்பரில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மா காலையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் மகள்