செயலிழந்த பான் அட்டையால் தோட்ட ஓய்வூதியர்களிடம் 20 சதவீத வட்டிப் பிடித்தம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்ட ஓய்வூதியர்கள்,
கூடலூர், பந்தலூர் வட்டங்கள்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருமான வரி அலுவலர் அவர்கள்.

பொருள்: வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியர்களின் டெபாசிட் வட்டியில் 20 சதவீதம் பிடிக்கப்படுவது – பான், ஆதார் இணைப்புக்குக் கூடலூரிலும் பந்தலூரிலும் முகாம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த எங்கள் மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஓவேலி, தேவர்சோலை, கொளப்பள்ளி, சேரம்பாடி பக்கத்துத் தோட்டங்களில் யார் இருக்கிறார்கள், எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது தாங்கள் அறிந்ததுதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். எனவே ஊரைப் பற்றி எழுதாமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்கள். இங்கே ஓய்வு பெற்றவருக்கு மாதாமாதம் வருவது பி.எஃப். அமைப்பு தரும் இ.பி.எஸ். (தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியம். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய்தான். இப்படிப்பட்டவரிடமிருந்தும் வரி போகிறது. எப்படிப் போகிறது என்பதைக் கீழே தருகிறோம்.

1. பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சேர்த்து ஒருவர் 8 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதத்தில் ஆண்டு வட்டி 56,000. தோட்டத்தில் 58 வயதில் வேலை முடிகிறது. வரிச் சட்டத்தில் மூத்த குடிமகன் ஆவதோ 60 வயதில். 1.4.2025 முதல் மூத்தவர்களுக்கு வரிப் பிடித்தமில்லாத ஆண்டு வட்டி வரம்பு 1 லட்சம், மற்றவர்களுக்கு 50,000. நடுவில் உள்ள அந்த 2 ஆண்டுகளில் இவர் ‘மற்றவர்’. வரம்பைத் தாண்டினால், தாண்டிய 6,000-க்கு மட்டுமல்ல, முழு 56,000-க்கும் பிடிப்பார்கள். முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் டெபாசிட் என்றால், கைக்கு வராத வட்டிக்கும் ஆண்டுதோறும் பிடித்தம் உண்டு.

2. இதற்கு, ‘எனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, பிடிக்காதீர்கள்’ என்று வங்கியில் எழுதித் தரும் 15ஜி படிவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பான் செயலில் இருந்தால்தான் அந்தப் படிவம் செல்லும். 2023 ஜூன் 30-க்குள் ஆதாருடன் இணைக்காத பான், ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டது. செயலிழந்த பான், பான் இல்லாததற்குச் சமம். படிவத்தை வங்கி வாங்காது. 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கும். 56,000-க்கு 11,200 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் வாங்குபவருக்கு ஆண்டு முழுவதும் வருவது 12,000. ஐயா, ஒரு கையால் 12,000 கொடுத்து மறு கையால் 11,200 எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? மாதத்துக்கு 67 ரூபாய்கூடத் தேறாது.

3. ‘1,000 ரூபாய்க் கட்டணம் கட்டி ஆதாருடன் இணைத்துவிட வேண்டியதுதானே’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே இடறுகிறது என்பதை இங்கே எழுதுகிறோம், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பணம் கட்டுவது ஒரு படி, அதன் பிறகு இணைப்புக் கோரிக்கை அனுப்புவது இன்னொரு படி. கணினி மையத்தில் ரசீதைக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். இரண்டாவது படி நடக்கவே இல்லை. செலுத்தும்போது ‘இதர வரவுகள் 500’ என்ற தலைப்பைத் தேர்வு செய்யாமல் வேறு தலைப்பில் கட்டினால் அந்த 1,000-மும் இணைப்புக்கு உதவாது. ஆதார் ஓ.டி.பி. வழியாக விவரம் திருத்த, ஆதாரில் கைபேசி எண் வேண்டும். பலருக்கு எண்ணே சேர்க்கப்படவில்லை, அல்லது பேரன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண் கிடக்கிறது.

இதையெல்லாம் தாண்டினால் பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்துதான், குடும்பப் பெயர் ஏது? பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுதியாக வேண்டும். பெண்களுக்கு ஒன்றில் தகப்பன் பெயர், மற்றொன்றில் கணவன் பெயர். பிறந்த தேதி அதைவிட மோசம். இலங்கையில் பிறந்தவருக்கு இங்கே பிறப்புச் சான்று கிடையாது. ஆதார் எடுத்தபோது கேட்டு எழுதிய வயது ஒன்று, பி.எஃப். பதிவில் ஒன்று, பானில் ஒன்று.

எளிதான வழி என்று, 107 ரூபாய் கட்டி பானை ஆதாருக்கு ஏற்ப மாற்றிவிடுகிறார்கள். ஆதாரில் வயது குறைவாக இருந்தால் என்ன ஆகிறது? இணைப்பு நடந்துவிடும், ஆனால் மூத்த குடிமகன் ஆகும் நாள் தள்ளிப்போகும். வங்கியும் அந்தத் தேதியைப் பார்த்து 1 லட்சம் வரம்பைத் தராது. ஆதாரையே திருத்தலாம் என்றால், பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும். அதை முன்பே தவறாக மாற்றியவர் எங்கே போவார்?

4. விவரம் ஒத்துப்போகாவிட்டால் பான் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்து இணைக்கலாம் என்று துறையே சொல்லியிருக்கிறது. நல்ல வழி. பந்தலூரிலிருந்து கூடலூர் இறங்கி, நடுவட்டம் ஏறி, ஊட்டி போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. போய்ச் சேர்ந்தாலும் 35 ஆண்டு கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கண் கருவிழிப் பதிவு இல்லாமல் இந்த வேலை நடக்காது.

5. பிடித்ததைத் திரும்பப் பெறலாமே என்ற பதில் எங்களுக்குச் சலித்துவிட்டது. பான் செயலிழந்திருக்கும் வரை ரீஃபண்டு வராது. அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்யும் கெடு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இனி வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு கேட்டால்தான் உண்டு. மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியக்காரர் ஆடிட்டர் வைத்து அதை எழுத வேண்டுமா?

6. 2025 ஜூலை 21 அன்று வந்த 9/2025 சுற்றறிக்கை, குறித்த காலத்துக்குள் பான் மீண்டும் செயல்பட்டால், குறைவாகப் பிடித்த வங்கி மீது பாக்கி போடுவதில்லை என்கிறது. பிடித்த வங்கிக்குச் சலுகை யோசித்த துறை, பிடித்தத்தில் பணம் இழந்தவரை யோசிக்கவில்லையே!

ஆகவே மீண்டும் கேட்கிறோம். கூடலூரில் ஒரு நாள், பந்தலூரில் ஒரு நாள், தோட்டத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை முகாம் போடுங்கள். ஆதார் திருத்துபவர், கருவிழிக் கருவியுடன் பான் சேவை மையத்தார், தங்கள் அலுவலகத்தில் ஒருவர், மூவரும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு நாள் வந்தால் பயனில்லை. 2023-24, 2024-25 பிடித்தங்களுக்கான தாமத மன்னிப்பு மனுக்களை அங்கேயே வாங்கி, முதன்மை ஆணையருக்குப் பரிந்துரையுங்கள். 1,000 ரூபாய்க் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது தங்கள் கையில் இல்லை என்று தெரியும். மேலே எழுதுவது தங்கள் கையில்தான் இருக்கிறது.

வரும் 1.4.2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறும், ‘வரி ஆண்டு’ என்று புதுப் பெயரும் வரும். ஏப்ரலில் வங்கிகள் மறுபடி படிவம் கேட்கும். பான் செயலிழந்தே இருந்தால் மறுபடி 20 சதவீதம். முகாமை மார்ச் 31-க்கு முன் நடத்தித் தாருங்கள் ஐயா. முடியாதென்றால் முடியாது என்றாவது எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழில் ஓய்வூதியர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: 26ஏஎஸ் (வரிப் பிடித்த விவர அறிக்கை) நகல்கள், வங்கிப் பிடித்தச் சான்றுகள், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.