எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பந்தலூர் தாலுகாவில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பெயர் போடவில்லை, ஏன் என்பது படிக்கும்போது புரியும்.

கேரளத்தில் நிபா வைரஸ் என்று செய்தி வந்தால் எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பார்க்க எங்கள் ஆட்கள்தான் நிற்கிறார்கள். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அதே நோயில் இறந்தார். சாவடியில் நிற்கும்போது அவர் ஞாபகம் வராமல் இருக்காது. கையுறை, முகக்கவசமெல்லாம் எண்ணிக் கொடுத்துவிடுகிறீர்கள். மனசுக்கு?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்குக் காலையும் மாலையும் போன் போட்டு, ஆக்சிஜன் அளவைக் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. எஸ்டேட் லைன் வீட்டில் ஓர் அம்மா. "94 காட்டுது சிஸ்டர், நீங்க சாப்பிட்டீங்களா?" என்பார். நாலாம் நாள் 90. ஆம்புலன்சுக்குச் சொன்னேன், கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் கழித்தும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மகன் போனை எடுத்தான். வழக்கம்போல "இன்னைக்கு எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுவிட்டேன். "அம்மா இல்ல சிஸ்டர்." அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த எண்ணை அழுத்தினேன். அந்த நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

அலை ஓய்ந்தபின் மன அழுத்தப் பயிற்சி என்று ஒரு மணி நேரம் வைத்தார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், விட்டோம். குரூப் போட்டோ எடுத்தார்கள். அதில் எல்லோரும் சிரிக்கிறோம்.

104 உதவி எண் இருக்கிறதே, 2022 அக்டோபரில் வந்த 14416 டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறதே என்பீர்கள். நல்ல எண்கள்தான், நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் குடியிருப்பில் டவர் கிடையாது. தேயிலைத் தோட்டத்து வளைவு வரை ஏறினால் இரண்டு கோடு வரும். பொழுது சாய்ந்தால் அது யானை வரும் பாதை.

டவர் இருந்தாலும் வாய் திறப்போமா? ராத்திரி தூக்கமில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதுவே குறையாகிவிடுமோ என்று ஒப்பந்தச் செவிலியர்கள் பயப்படுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. சட்டம் சரி, ஊர் சின்னது.

கேட்பது பெரிதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருநாள் இந்தப் பக்கம் இறங்கி வரட்டும். எங்கள் ரிவியூ மீட்டிங்கில் உட்காராதவராக, எங்கள் பெயரை எந்த அறிக்கையிலும் எழுதாதவராக இருக்க வேண்டும். அந்த நேரம் டூட்டியில் சேர வேண்டும். லீவு போட்டு வந்து யாரும் அழமாட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் மறக்காதீர்கள். உடல்களைப் பையில் கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பயிற்சிக்குக்கூட அவர்களை யாரும் கூப்பிடவில்லை. இப்போதே தொடங்கினால், அடுத்த தொற்று வரும்போது மாதாமாதம் வருகிறவர் எங்களுக்குப் பழகிய முகமாக இருப்பார்.

புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்று தடுப்பூசி நாள், யாருக்கும் உட்கார நேரமிருக்காது.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்,
பந்தலூர்