செயலாளரின் ஆண்டறிக்கை: பாடல் காணொளியிலிருந்து பேய்ப்படத்துக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் படமெடுக்கும் நம் சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பாடல் காணொளி, கல்யாண வீடியோ, சிறு விளம்பரம் என்று தொடங்கியவர்கள். அடுத்து என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் பேய்க்கதை என்கிறார்கள். அதனால் கடந்த பொதுக்கூட்டத்தின் முடிவுப்படி இந்த ஆண்டு ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம். பாடல் காணொளியில் கை பழகியவர் முழுநீளப் படத்துக்கும், பழைய திகில் படங்களின் மறுஆக்கத்துக்கும் போகும்போது எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது?

இந்தப் பாதை புதிதல்ல. டேவிட் ஃபிஞ்சர் மடோனாவுக்குப் பாடல் காணொளி எடுத்தவர். 1992இல் வந்த மூன்றாவது 'ஏலியன்' அவருடைய முதல் படம். 2001இல் மைக்கேல் பே கூட்டாளிகளோடு தொடங்கிய பிளாட்டினம் டூன்ஸ் நிறுவனம் இதை ஒரு தொழில்முறையாகவே ஆக்கியது. ரசிகருக்குப் பெயர் தெரிந்த பழைய திகில் படம், சிக்கனமான செலவு, பாடல் காணொளியிலோ விளம்பரத்திலோ பேர் எடுத்த இயக்குநர் என்பதே அதன் கணக்கு. 2003இல் மார்கஸ் நிஸ்பெல் எடுத்த 'தி டெக்சஸ் செயின்சா மசாக்கர்' சுமார் 95 லட்சம் அமெரிக்க டாலரில் முடிந்தது. உலக வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது. நிர்வாணா குழுவின் 1991 காணொளியால் புகழ்பெற்ற சாமுவேல் பேயர் 2010இல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தை மறுபடி எடுத்தார்.

நிஸ்பெலின் படத்தில் நாம் அதிக நேரம் செலவிட்டது ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்லின் வேலையில். 1974இன் மூலப்படத்தை 16 எம்எம்மில் எடுத்தவரும் அவரே, 2003இன் மறுஆக்கத்தை 35 எம்எம்மில் எடுத்தவரும் அவரே. இடையில் பாடல் காணொளிகளில் கொடிகட்டிப் பறந்தவர். கண் ஒன்று, கதை ஒன்று, ஆனால் பழையதில் வெயில் அப்படியே உறைக்கிறது. புதியதில் ஒளிக்கற்றை ஒவ்வொன்றும் செதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. செதுக்கிய ஒளியில் அழகு கூடுகிறது, நம்பகம் குறைகிறது என்பதே நம் படிப்பு வட்டத்தின் முடிவு.

கோர் வெர்பின்ஸ்கியும் பாடல் காணொளி, விளம்பரம் என்று வந்தவர்தான். 1998இன் ஜப்பானியப் படத்தை 2002இல் 'தி ரிங்' என எடுத்தபோது அவர் அவசரப்படவில்லை. தொலைபேசி மணி அடிக்குமுன் வரும் அமைதிதான் அங்கே பயம். நமக்கு இன்னும் நெருக்கமான படம் அதே 2002இல் பாங் சகோதரர்கள் எடுத்த 'தி ஐ'; சிங்கப்பூரின் ரெயின்ட்ரீ பிக்சர்ஸ் அதன் கூட்டுத் தயாரிப்பாளர். 2008இல் ஹாலிவுட் அதை மறுபடி எடுத்தது. மூலத்தில் லிஃப்டின் மூலையில் முதுகைக் காட்டி நிற்கும் முதியவரை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளின் லிஃப்டில் தினமும் ஏறி இறங்கும் நம்மால் மறக்க முடியாது.

இனி இந்த ஆண்டு நடத்திய பயிலரங்குக்கு வருகிறேன். வீவக தாழ்வாரத்தில் நடக்கும் இரண்டு நிமிடப் பயக்காட்சி ஒன்றை ஒவ்வொரு குழுவும் எடுத்தது. எல்லாக் குழுவும் சறுக்கியது வெட்டில், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் இடத்தில்தான்.

பாடலில் தட்டுக்கு வெட்டுவது பழக்கம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டில் ஒரு தட்டு அரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 12 ஃபிரேம். நான்கு தட்டு 2 விநாடி. இந்தக் கணக்கில் மூன்று முறை வெட்டினாலே பார்ப்பவரின் உடம்பு நான்காவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்று சொல்லிக்கொடுப்பது பாட்டின் வேலை. அதைச் சொல்லாமல் வைத்திருப்பது பயத்தின் வேலை. ஆகவே காட்சியை முதலில் இசையே இல்லாமல் தொகுக்கச் சொன்னோம். இசை சேர்த்த பிறகு, முக்கியமான வெட்டைத் தட்டிலிருந்து 6 முதல் 8 ஃபிரேம் முன்னோ பின்னோ நகர்த்தினோம். கதவு திறக்கும் ஷாட்டை 2 விநாடியிலிருந்து 7 விநாடிக்கு நீட்டியதும் அதே காட்சி வேறாகிவிட்டது.

பாட்டும் பயமும் சேரவே சேராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993இன் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' கதையை 2004இல் கன்னடத்திலும் 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழிலும் எடுத்தவர் பி. வாசு. தமிழில் பேயே பாட்டோடுதான் வருகிறது. நாயகியின் கண்ணுக்குத் தெரியும் அரசவையிலிருந்து, தனியாக ஆடும் வெறும் கூடத்துக்கு வெட்டும் இடத்தில்தான் முதுகு சில்லிடுகிறது.

அடுத்து ஒலி. பாடல் காணொளியில் முன்பே பதிந்த பாட்டு (பிளேபேக்) ஓடும், களத்து ஒலியை யாரும் கேட்பதில்லை. விநாடிக்கு 48 ஃபிரேமில் எடுத்தால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்திலும், 36 என்றால் ஒன்றரை மடங்கிலும் ஓட்டினால், 24இல் பார்க்கும்போது உதடு பொருந்தும். பேசும் காட்சியில் இந்தக் கெட்டிக்காரத்தனம் எதுவும் செல்லாது. வீட்டுக்குள் எடுக்கும்போது விசிறி, ஏர்கான், குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் நிறுத்த வேண்டும். பெட்டியை நிறுத்தியவர் தம் ஈசிலிங்க் பயண அட்டையை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது அட்டையைத் தேடுவார், பெட்டியையும் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் மீனும் கறியும் கெட்டு, அடுத்த முறை வீடு கிடைக்காது. ஒவ்வோர் அறையிலும் யாரும் அசையாமல் 60 விநாடி வெறும் ஒலியைப் பதிய வேண்டும். அமைதி என்று நாம் வைப்பது அந்த ஒலியைத்தான். ஒன்றுமில்லாத வெற்றிடத்தை வைத்தால் ஒலிபெருக்கி பழுது என்று பார்ப்பவர் நினைப்பார். அலறலுக்கு இரண்டாவது தடத்தை 15 டெசிபெல் குறைத்துப் பதியுங்கள்; முதல் தடத்தில் ஒலி உடைந்தாலும் இது கைகொடுக்கும். விடியுமுன் குயில் கூவத் தொடங்கிவிடும். நள்ளிரவுக் காட்சிக்கான வசனத்தை அதற்குமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

விளக்குகளைப் பற்றி ஒன்று. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமுக்கு கேமரா ஷட்டரின் திறப்பை 172.8 டிகிரி வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம் 1/50 விநாடி. தாழ்வார விளக்கு சிமிட்டாது. 48 ஃபிரேமுக்கும் அதே டிகிரி, அப்போது 1/100. பழக்கதோஷத்தில் 60 ஃபிரேம், 180 டிகிரி வைத்தால் 1/120 ஆகி, படத்தில் பட்டை ஓடும். ஒரு குழு இதனாலேயே இரவு முழுவதும் எடுத்ததைத் திரும்ப எடுத்தது.

ரத்தத்துக்கு குளுக்கோஸ் பாகு, சிவப்பு உணவுச்சாயம், ஒரு சொட்டு நீலம், சிறிது கொக்கோ தூள் போதும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்தால் துணியில் கறை எளிதில் போகும். வாய்க்குள் போகும் ரத்தத்தில் அதைக் கலக்கவே கூடாது.

அனுமதி விஷயத்தில் உறுப்பினர்கள் இன்னும் அலட்சியமாக இருப்பது வருத்தமளிக்கிறது. தாழ்வாரம், கீழ்த்தளம் போன்ற பொது இடங்களுக்கு நகர மன்றத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அசல்போலத் தெரியும் துப்பாக்கி இருந்தால் போலீஸிடம் பேசாமல் வெளியே எடுக்காதீர்கள். அண்டை வீட்டாருக்கு, குறிப்பாக முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு, நேரில் போய்ச் சொல்லுங்கள். நள்ளிரவில் ஓர் அலறல் கேட்டால் அவர்கள் பதறத்தான் செய்வார்கள். பொதுத் திரையிடல் என்றால் ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) வகைப்பாடு வேண்டும்.

வேறொருவர் படத்தை மறுஆக்கம் செய்ய விரும்புவோர், மொழிமாற்று உரிமையும் மறுஆக்க உரிமையும் வேறு வேறு என்பதை மனத்தில் வைக்கவும். மூலத்தின் பாடல்கள் அதில் தாமாகச் சேர்ந்து வருவதில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வைக்கிறார். சங்கங்களின் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரங்கள் தயாராக உள்ளன.

வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. முதலாவது, அலறல் போன்ற உரத்த ஒலியையும் உடையாமல் பதிய உதவும் 32 பிட் ஃப்ளோட் ஒலிக்கருவி ஒன்றும், நீண்ட கழியில் பொருத்தும் பூம் மைக் ஒன்றும் வாங்குவது. இரண்டாவது, இந்த ஆண்டு எடுத்த அதே தாழ்வாரக் காட்சியை, அதே வசனத்தோடு, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எல்லாக் குழுக்களும் மறுபடி எடுப்பது. முன்மொழிபவர்களும் வழிமொழிபவர்களும் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்