காலில் ஊசி போட்ட சிஸ்டருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றிரவு ஒரே ஒரு தலையணை வைத்து, படுத்துத் தூங்கினேன். கூடவே இருந்த உங்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

முதல் நன்றி அந்த இரவு டியூட்டி சிஸ்டருக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, சிஸ்டர். டிரிப் போட வலது கையை நீட்டினேன். கையைப் பார்த்தீர்கள், கழுத்தில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தீர்கள். "கை வேண்டாம்மா, காலில் போட்டுக்கலாம்" என்றீர்கள். தலை, கழுத்து, இரண்டு கை எல்லாவற்றின் ரத்தமும் மேற்பெருஞ்சிரை என்ற ஒரே குழாய் வழியாகத்தான் இதயத்துக்கு இறங்குகிறது, என் நெஞ்சுக் கட்டி நசுக்குவது அதைத்தான், கையில் ஏற்றினால் தேங்கி வீக்கம் கூடும், காலுக்கு வழி வேறு என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது.

என்னைப் படுக்கச் சொல்லாமல், தலைமாட்டை நிமிர்த்திவிட்டு நீங்கள் தரையில் மண்டியிட்டீர்கள். சில்லிட்டிருந்த பாதத்தை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றினீர்கள். இரண்டு முறை நரம்பு நழுவியது. இரண்டு முறையும் என் காலைத் தடவி மன்னிப்புக் கேட்டீர்கள். மூன்றாவது முறை கிடைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தபோது உங்கள் முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது.

ஸ்டீராய்டு முதலில் கொடுத்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் அடையாளமே மங்கிவிடலாம் என்று, கழுத்து நெறிக்கட்டியிலிருந்து சதையெடுத்த பிறகே மருந்தைத் தொடங்கிய டாக்டர், ஸ்கேன் அறையில் தோளைத் தாங்கிய தம்பி, ரத்தம் கொடுத்தவர்கள், உட்கார்ந்தே தூங்கிய எனக்கு முதுகு கொடுத்த அக்கா, எல்லோருக்கும் என் கைகூப்பு.

மேற்பெருஞ்சிரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெருந்தமனி தடித்த சுவர் கொண்டது, அழுத்தம் மிகுந்தது, எளிதில் அசையாது. இந்தச் சிரைக்கு மெல்லிய சுவர், குறைந்த அழுத்தம். சுற்றிலும் நிணநீர்க் கணுக்கள். அவை வீங்கினால் முதலில் நசுங்குவது இதுதான். நுரையீரல் புற்றுநோயும் லிம்போமாவும்தான் பெரும்பாலும் காரணம். நெஞ்சில் வைத்த மருந்துக் குழாயையோ பேஸ்மேக்கர் கம்பியையோ ஒட்டி ரத்தம் உறைந்தும் அடைக்கலாமாம். நானோ காலர் இறுகியதை உடல் பருத்ததாக நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிட்டேன். இனி யாராவது "காலையில் முகம் வீங்குது, குனிஞ்சா தலை கனக்குது" என்றால், கழுத்தைக் காட்டச் சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போவேன்.

சிஸ்டர், புறங்காலில் ஊசி போட்ட இடம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அது மறைவதற்குள் வார்டுக்கு வருகிறேன். படியேறியே வருகிறேன்.