சுறாப் பல்லைச் சுற்றி வளர்ந்த உலோகம்: சர்வதேச கடலடி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல் தரையில் உலோகம் அகழ அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நீங்கள் கூடும்போதெல்லாம் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. பசிபிக்கின் அடியில், நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் உலோக உருண்டைகள். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம். எங்கே எத்தனை டன் கிடக்கிறது என்ற கணக்கெல்லாம் உங்களிடம் இருக்கும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஒரே ஓர் உருண்டையைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதைக் குறுக்கே அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். பல உருண்டைகளின் நடுவில் ஒரு சுறாப் பல்லோ சிப்பித் துண்டோ இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு சுறாவின் வாயிலிருந்து உதிர்ந்த பல், இருட்டுக்குள் இறங்கித் தரை தொட்டிருக்கிறது. நீரிலும் சேற்றிலும் கரைந்திருந்த உலோகம் அதன்மேல் படலம் படலமாக ஒட்டியிருக்கிறது. வேகம் என்னவென்றால், பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர். ஓர் உருளைக்கிழங்கு அளவுக்கு அது திரள்வதற்குள், மேலே நிலத்தில் மனித இனமே புதிதாகத் தோன்றிவிட்டது.

அந்த ஆழத்தில் பகல் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் உறைநிலையை ஒட்டிய குளிர். மேலே வாழ்ந்து மடிந்த மிதவை உயிரிகளின் மிச்சம், கழிவு, சளி எல்லாம் துகள்துகளாக இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்குக் கடல் பனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளபடி அது மேலே உள்ளவர்கள் விட்ட எச்சில். கீழே பெரும்பாலானோருக்கு அதுதான் சாப்பாடு. கடல் அட்டைகள் சேற்றைத் தின்றபடி ஊர்கின்றன. ஆனால் ஓரிடத்தில் பற்றி நின்று வாழ வேண்டிய உயிர்களுக்கு அந்த மெத்தென்ற சேறு உதவாது. அந்தச் சமவெளியில் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் இந்த உருண்டைகள்தான். கடற்பஞ்சும் பவளமும் கடல் சாமந்தியும் அவற்றில்தான் காலூன்றுகின்றன.

பெரு நாட்டுக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் படுகையில் எடுத்த படங்கள் 2016-இல் வெளிவந்தன. உருண்டையின் மேல் வளர்ந்து செத்துப்போன கடற்பஞ்சின் தண்டு குச்சியாக நிற்கிறது. அதில் முட்டைகளை ஒட்டி, கைகளால் வளைத்துப் பிடித்தபடி ஒரு ஆக்டோபஸ். எத்தனை காலம் அப்படியே இருப்பாள்? அந்தக் குளிரில் முட்டை பொரிவது லேசில் நடக்கிற காரியமில்லை. கலிபோர்னியாவுக்கு அப்பால், வெறும் 1,400 மீட்டர் ஆழத்தில், வேறோர் இனத்துத் தாய் 2007 முதல் 2011 வரை 53 மாதம் ஒரே பாறையில் அடைகாத்தாள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோதெல்லாம் அங்கேயே இருந்தாள். ஒருமுறைகூட அவள் இரை எடுத்ததைப் பார்க்கவில்லை.

உருண்டையை அள்ளிவிட்டால் பஞ்சுக்கு இடமில்லை. பஞ்சு இல்லாத இடத்தில் தண்டு ஏது, முட்டை ஏது?

இது என் கற்பனைப் பயம் இல்லை. அதே பெரு படுகையில் 1989-இல் ஒரு சோதனைக்காகக் கடல் தரையை உழுது பார்த்தார்கள். உருண்டைகளை வெளியே எடுக்கக்கூட இல்லை, சேற்றில் புதைத்ததோடு சரி. 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், சால்கள் நேற்று உழுதவை போலவே கிடந்தன. நீங்கள் அனுமதிக்கப்போகும் இயந்திரங்கள் உருண்டையோடு மேல்சேற்றையும் சேர்த்து உறிஞ்சும். கிளம்பும் கலங்கல் பக்கத்தில் உள்ளவற்றையும் மூடும்.

மின்கார் பேட்டரிக்கு வேண்டுமே என்பார்கள். கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போதே சாலையில் ஓடுகின்றன. அந்த வாதத்தை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் சட்டத்துக்கே வருகிறேன். 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை, 136-ஆம் பிரிவில், எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத அந்தக் கடல் தரையை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது. அங்குள்ள உயிர்களைக் காக்கும் விதிகளை நீங்கள்தான் வகுக்க வேண்டும் என்கிறது 145-ஆம் பிரிவு. காப்பது யாரை என்று தெரிய வேண்டாமா? நீங்கள் அதிக ஆய்வு ஒப்பந்தங்கள் கொடுத்திருக்கும், பசிபிக்கில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே உள்ள கிளாரியன்-கிளிப்பர்டன் மண்டலத்தில் 5,500-க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் பதிவாகியிருப்பதாகவும், அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு இன்னும் அறிவியல் பெயரே இல்லை என்றும் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

ஆகவே, வணிக அகழ்வுக்கான அனுமதி எதையும் இப்போது தராதீர்கள். சேகரித்த மாதிரிகளைப் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர்களுக்கு ஆகும் செலவை ஒப்பந்ததாரர்களே ஏற்கட்டும். எந்த உயிர் எந்த உருண்டையை நம்பி இருக்கிறது, அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இனம் பெருக்குகிறது என்ற விவரம் மேசைக்கு வந்த பிறகு அகழ்வு விதிகளை எடுங்கள். ஆய்வு ஒப்பந்தம் ஒவ்வொன்றும் 15 ஆண்டுக்கானது. அதை நீட்டிக்கவும் உங்களிடம் வழி இருக்கிறது. நேரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தப் பொதுச் சொத்தில் பங்குள்ள ஒருவர்