துணைக்கு யார் வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டம் ஆட்சியர் தலைமையில் நடந்ததாக உங்கள் பத்திரிகையில் ஒரு சிறு செய்தி பார்த்தேன். பட்டியலின, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகளில் நிலுவை எத்தனை, பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்கிய தீருதவி (நிவாரணத் தொகை) எவ்வளவு என்று வழக்கமான செய்திதான். கூட்டம் நடப்பதே நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தால் வேறொரு கேள்வி வரும்: ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்கு யார் வருவார்?

எங்கள் ஒன்றியத்தில் ஒரு ஊர். என்னிடம் படித்த பையனை, ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கும் முன்பே 'பேசி முடிச்சுக்கலாம்' என்று பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் பையன் மீதே எதிர்ப் புகார். அவன் அம்மாவுக்குக் கழனி வேலை நின்றது. வேலை கொடுக்கிறவரும் சமாதானம் பேச வந்தவரும் ஒரே ஆள் என்றால், அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாவோடு வேலூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறேன். மடியில் ஒரு கட்டைப்பை. அதில் மனு ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். எழுதப் படிக்கத் தெரியாததால் எந்தக் காகிதம் எது என்று மடித்த விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். வாய்தா என்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு தனி. சாட்சி சொல்வதாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் பின்வாங்கியதற்கு மிரட்டல் மட்டும் காரணமில்லை, இந்தச் செலவும்தான்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது; அதன் விதிகள் 1995-இல். 11-ஆவது விதிப்படி, பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கு வந்து போகும் செலவை அரசு தர வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் படியும் தர வேண்டும். பெண்களும் சிறுவர்களும் 60 வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். அந்தத் துணைக்கும் செலவு உண்டு. இதை ஒரு அலுவலகத்தில் கேட்டபோது, 'அப்படி ஒன்னு இருக்கா சார்?' என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். விதியின் நகலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்கள்.

2015-இல் சட்டத்தைத் திருத்தியபோது 15-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வக்கீல் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று அது சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பட்டியலின, பழங்குடி மக்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 14566 என்ற உதவி எண்ணும் உண்டு. எல்லாம் இருக்கிறது, ஆனால் தனித்தனியாக இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அந்த அம்மாவைக் கூட்டிப் போக ஆள் இல்லை.

இந்த வேலையைச் செய்ய வேண்டியது கண்காணிப்புக் குழு என்பது என் எண்ணம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூடியாக வேண்டும் என்கிறது 17-ஆவது விதி. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், எஸ்.பி. ஆகியோருடன் பட்டியலின, பழங்குடி மக்களில் 5 பேர் வரை அலுவலர் அல்லாத உறுப்பினர்கள்; தொண்டு நிறுவனத் தொடர்புள்ள பிற சமூகத்தார் 3 பேர் வரை. இந்தக் கடைசி மூன்று பேரைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். காலனிக்காரருக்குத் துணையாகக் காலனிக்காரரே போனால் 'அவங்க எல்லாம் ஒன்னு சேர்ந்துட்டாங்க' என்று பேச்சை முடித்துவிடுவார்கள். ஊர்த்தெருக்காரர் ஒருவர் கூடவே போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கே பேச்சின் தொனியே மாறும். நானும் ஊர்த்தெருக்காரன்தான், மாறியதைப் பார்த்திருக்கிறேன். சரி, அந்த மூன்று பேர் யார் என்று எங்கள் ஒன்றியத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அதுவும் வேலூர் மாவட்டம்தான். சுடுகாட்டுப் பாதை அடைபட்டதால், இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ பரவியது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அப்புறம் அதிகாரிகள் ஓடி வந்தார்கள். அதற்கு முன்பும் அப்படித்தான் இறக்கினோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அடைபட்ட ஒரு பாதை குழுவின் காதுக்குப் போக வீடியோ எடுக்க வேண்டுமா? பள்ளி ஆசிரியருக்கும் செவிலியருக்கும் மகளிர் குழுத் தலைவிக்கும் தெரியாத பாதையா அது?

இன்னொன்று. இந்தச் சட்டம் பட்டியலின, பழங்குடி மக்களுக்கானது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் மதத்தைச் சொல்லி ஒருவரை அடித்தாலோ, ஒரு திருநங்கையைத் தெருவில் விரட்டினாலோ இந்த விதிகள் வராது. அவர்களுக்கும் ஸ்டேஷனுக்குத் துணை வேண்டும்தானே? ஜமாத், கோயில் கமிட்டி, சர்ச், வணிகர் சங்கம் எல்லாம் திருவிழா நேரத்து அமைதிக் கூட்டத்தில் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். மற்ற நாட்களிலும் உட்காரலாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. குழு உறுப்பினர்களின் பெயரும் அடுத்த கூட்டத்தின் தேதியும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் இருக்கட்டும். ஒன்றியத்துக்கு ஒரு துணையாளர் பட்டியல் தயார் செய்யட்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், வக்கீல், மகளிர் குழுவினர், எல்லாச் சாதியும் எல்லா மதமும் கலந்து. புகார் வந்த அன்றே அதில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். 11-ஆவது விதிப் பணம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் கூட்டத்தில் படிக்கட்டும். அடுத்த முறை நீங்கள் செய்தி போடும்போது அந்த எண்ணிக்கையையும் கேட்டுப் போடுங்கள்.

அணைக்கட்டு ஒன்றியத்துக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதினால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பென்ஷன் வாங்கப் போகும் நாள் தவிர மற்ற நாட்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.