திட்ட அலுவலரான நண்பனுக்கு

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் உங்கள் கல்லூரியில் என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "பாடம் நடத்தவே நேரம் பத்தல, இதுல நூறு பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்க்க?" என்று கேட்டிருந்தாய்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, அப்புறம் ஒரு 7 நாள் முகாம். வருகைப் பதிவையும் பில்லையும் அன்றன்றைக்கே எழுதி முடித்துவிடு. முகாம் பணம் கைக்கு வருகிறவரை மளிகைக்கடையில் கடன் சொன்ன வருஷமும் எனக்கு உண்டு. அதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

போன ஜனவரி முகாமைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். மேலூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கினோம். மரக்கன்று நடுவதாக நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் குழி தோண்டும்போது, இடுப்பில் குடத்தோடு வந்த அப்பத்தா ஒருவர் நின்று பார்த்தார். "ஏம்ப்பா, எங்க தெருவுல குடிக்கவே தண்ணி வரல. இந்தக் கன்னுக்கு யாரு ஊத்துவா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

பிள்ளைகள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பி.காம். பெண் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஊர்த் தெருக்களை வரைய ஆரம்பித்தாள். குழாய் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்தத் தெரு குடத்தோடு அலைகிறது என்று மூன்று நாள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். அதை வைத்து ஊர்க்காரர்கள் ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுத்தார்கள். குழாய் இன்னும் வரவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை பிள்ளைகளே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வருகிறார்கள். நான் யாரையும் அனுப்பவில்லை. நம் காலத்து முகாம் ஞாபகம் இருக்கிறதா? சார் சொன்னதைச் செய்தோம், போட்டோவுக்கு நின்றோம், வந்துவிட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளைகள் முடிவு எடுக்கட்டும் என்று விடாதே. கண்மாயும் கிணறும். நீச்சல் தெரிந்த ஒருவன் வந்து, "சார், அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சுவான். கூடாது என்றால் கூடாது. பொழுது சாயும்போது தலை எண்ணு. படுக்கப் போகுமுன் மறுபடி எண்ணு. பெண் பிள்ளைகளோடு தங்க ஒரு பேராசிரியை வராமல் முகாமுக்குக் கிளம்பாதே.

செப்டம்பர் 24 என்எஸ்எஸ் தினம். 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அல்லவா? அன்றைக்கு முதல் கூட்டத்தைப் போடு. மேடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீ கடைசி பெஞ்சில் உட்கார். யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்று விடாமல் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்